புதிதாக நாணயம் சேர்ப்பவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை: அறிகுறி வாரியாக

நாணயம் சேர்க்கத் தொடங்கியவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் கேட்கும் கேள்விகளை அடுக்கிப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை ஒரே கேள்வியின் வெவ்வேறு வடிவங்கள் என்பது விளங்கும். கையிலுள்ள காசில் தெரியும் வேறுபாடு அது அடிக்கப்பட்டபோதே உண்டானதா, அடிக்கப்பட்டு வெளியே வந்த பிறகு உண்டானதா என்பதே அந்தக் கேள்வி. நாணயச்சாலையில் உண்டானது என்றால் அது சேகரிப்பாளர் தேடும் பிழையாகவோ தனி வகையாகவோ இருக்கலாம். பிறகு உண்டானது என்றால் அது சேதம் மட்டுமே. கீழே உள்ள அறிகுறிகள் அனைத்தையும் இந்த ஒரு பிரிவினையை மனத்தில் வைத்தே படிக்குமாறு வேண்டுகிறேன்.

நாணயம் எப்படி அடிக்கப்படுகிறது என்பதை முதலில் சுருக்கமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். வெறுமையான வட்டத் தகடு ஒரு வளையத்துக்குள் அமர்கிறது. மேலும் கீழுமாக உள்ள இரண்டு அச்சுகள் அதைப் பெரும் அழுத்தத்துடன் நெரிக்கின்றன. உலோகம் அச்சின் பள்ளங்களுக்குள் பாய்ந்து ஏறி எழுத்தாகவும் உருவமாகவும் நிற்கிறது. ஆகவே அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாக வரும். ஆராய்வதற்கு வேண்டிய கருவிகள் நான்குதான்: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரே ஒரு மேசை விளக்கு, 0.01 கிராம் வரை காட்டும் தராசு, சிறிய காந்தம். கைபேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்ப்பது லென்ஸுக்கு ஈடாகாது. அது படத்தைத் தானாகவே கூர்மைப்படுத்தி, இல்லாத இரட்டைக் கோடுகளை உண்டாக்கிக் காட்டும்.

அறிகுறி: காசின் மேற்பரப்பில் ஒரு கோடு ஓடுகிறது

கோடு மேடா, பள்ளமா என்பதே முதல் சோதனை. கண்ணுக்கு இது எளிதில் ஏமாற்றும். ஆகவே விளக்கை ஒரு பக்கமாக வைத்து, காசிலுள்ள ஓர் எழுத்தை முதலில் பாருங்கள். எழுத்து மேடானது என்பது நமக்குத் தெரியும்; அதன் விளக்கை நோக்கிய பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் நிழலாகவும் இருக்கும். கோட்டிலும் வெளிச்சமும் நிழலும் அதே வரிசையில் விழுந்தால் அது மேடு. வரிசை மாறி விழுந்தால் பள்ளம்.

மேடான கோடு அச்சிலிருந்து வந்தது. பல்லாயிரம் முறை அடித்த அச்சில் விரிசல் விழும். அந்த விரிசலுக்குள் உலோகம் புகுந்து, காசில் முடி போன்ற மேட்டுக் கோடாக நிற்கும். பெரும்பாலும் அது விளிம்பில் தொடங்கி எழுத்துகளின் ஊடே வளைந்து செல்லும். பின்புலத்தில் மட்டும் மிக மெல்லிய மேட்டுக் கோடுகள் இணையாக ஓடினால், அவை அச்சை மெருகேற்றியபோது விழுந்த தடங்கள். பள்ளமான கோடு பெரும்பாலும் பிற்காலக் கீறலாகவே இருக்கும். கீறும் முனை உலோகத்தை ஒதுக்கித் தள்ளுவதால் பள்ளத்தின் இரு கரைகளிலும் சிறு வரப்பு எழும்பி நிற்கும். அந்த வரப்பு இல்லாமல், பள்ளம் மழமழப்பாகவும் அடிப்பகுதி சீராகவும் இருந்தால், அச்சுக்கும் தகட்டுக்கும் இடையில் நூலோ துகளோ சிக்கியிருந்தபோது அடிக்கப்பட்ட காசாக அது இருக்கக்கூடும். இது அரிதானதால், முதலில் கீறல் என்றே கொண்டு, சான்று கிடைத்த பிறகே கருத்தை மாற்றிக்கொள்வது நல்லது.

அறிகுறி: எழுத்தும் ஆண்டும் இரண்டு முறை பதிந்ததுபோல் தெரிகின்றன

புதியவர்களை மிக அதிகமாக ஏமாற்றுவது இதுதான். இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். இரட்டிப்பு மூன்று விதமாக வரும். அச்சைத் தயாரிக்கும்போது மூல வார்ப்புரு அதன்மேல் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தப்பட்டு, இரண்டாம் முறை சற்று விலகியிருந்தால், இரட்டை உருவம் அச்சிலேயே பொறிக்கப்பட்டுவிடும். அத்தகைய அச்சிலிருந்து வரும் ஒவ்வொரு காசிலும் அந்த இரட்டிப்பு ஒரே இடத்தில், ஒரே அளவில் இருக்கும். அமெரிக்காவின் 1955ஆம் ஆண்டு ஒரு சென்ட் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அதன் ஆண்டு இலக்கங்களும் வாசகங்களும் இரண்டிரண்டாக நிற்பது லென்ஸ் இல்லாமலே தெரியும்.

இரண்டாவது, அடிக்கும் கணத்தின் இறுதியில் அச்சு சற்றே அசைந்துவிடுவதால் வருவது. அப்போது ஏற்கெனவே எழும்பி நின்ற எழுத்தின் ஒரு பக்கம் நசுங்கி, படிக்கட்டின் ஒரு படியைப் போலத் தட்டையாகவும் பளபளப்பாகவும் ஆகிவிடும். மூன்றாவது, தேய்ந்துபோன அச்சினால் வருவது; எழுத்தைச் சுற்றிலும் கலங்கிய, உருகி வழிந்தது போன்ற ஒரு விளிம்பு தெரியும். அதே 1955ஆம் ஆண்டு சென்ட்டில் தேய்ந்த அச்சினால் கடைசி 5 மட்டும் இரட்டித்ததுபோல் தெரியும் காசுகளும் ஏராளமாக உள்ளன. முதல் வகையை எதிர்பார்த்து இதை வாங்கியவர்கள் பலர்.

எழுத்தின் தடிமனைக் கவனித்தால் இவற்றைப் பிரிக்கலாம். உண்மையான அச்சு இரட்டிப்பில் எழுத்து அகலமாகும். இரண்டாம் உருவமும் முதல் உருவத்தைப் போலவே உருண்டு மேடாக நிற்கும். எழுத்தின் முனைகளில் சிறு பிளவு தெரியும். அசைவினால் வந்ததில் எழுத்து தன் உடலையே இழந்து மெலியும், படி மட்டும் தாழ்வாகக் கிடக்கும். எழுத்து தடித்திருக்கிறதா, மெலிந்திருக்கிறதா என்று இயல்பான ஒரு காசைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாலே பத்தில் ஒன்பது ஐயங்கள் தீர்ந்துவிடும்.

அறிகுறி: பின்பக்கம் தலைகீழாக இருக்கிறது

காசின் மேல் நுனியையும் கீழ் நுனியையும் இரு விரல்களால் பிடித்து, இடவலமாகச் சுழற்றுங்கள். சில நாடுகளின் காசில் பின்பக்கமும் நேராகவே வரும். பிரிட்டனும் யூரோவும் இந்த முறையைப் பின்பற்றுகின்றன. அமெரிக்கக் காசில் பின்பக்கம் தலைகீழாகவே வரும். அங்கே அதுவே இயல்பு. ஆகவே அந்த நாட்டின் அந்தக் காலத்து வழக்கத்திலிருந்து விலகியிருந்தால்தான் அது அச்சு திரும்பிய பிழை; அதுவும் சில பாகைகள் மட்டுமே விலகியிருந்தால் யாரும் பொருட்படுத்துவதில்லை.

பக்கவாட்டு எழுத்தும் இதே குழப்பத்தைத் தருகிறது. இரண்டு யூரோ காசின் பக்கவாட்டில் உள்ள வாசகம் ஒரு காசில் நேராகவும் மற்றொன்றில் தலைகீழாகவும் இருப்பதைக் கண்டு, பிழைக்காசு கிடைத்துவிட்டதாக எண்ணுவோர் உண்டு. அந்த வாசகம் அடிப்பதற்கு முன்பே தகட்டில் பொறிக்கப்படுகிறது. தகடு எந்தப் பக்கம் மேலாக அச்சுக்குள் விழும் என்பதற்கு விதி இல்லை. இரண்டு நிலையும் சமமாகவே இயல்பானவை.

அறிகுறி: இரு பக்கமும் ஒரே உருவம், அல்லது உருவம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியுள்ளது

இரு பக்கமும் தலை உள்ள காசு ஏறக்குறைய எப்போதும் வித்தைக்காரர்களுக்காகச் செய்யப்பட்டதுதான். ஒரு காசின் உட்புறத்தைக் கடைந்தெடுத்து, மற்றொரு காசை அதற்குள் பொருத்துவார்கள். ஏதேனும் ஒரு பக்கத்தில் விளிம்பின் உள்வட்டத்தை ஒட்டி, நூலிழை போன்ற இணைப்புக் கோடு லென்ஸில் தெரியும். மேசைமேல் தட்டினால் ஒலியும் மந்தமாக இருக்கும்.

இடவலம் மாறிப் பள்ளமாகப் பதிந்த உருவத்துக்கு இரண்டு காரணங்கள் உண்டு. முந்தைய காசு அச்சில் ஒட்டிக்கொண்டிருக்க, அதுவே அச்சாகி அடுத்த தகட்டில் பதிந்தால் அது உண்மையான பிழை. அப்போது உருவம் தெளிவாகப் பதிந்திருக்கும், மறுபக்கம் ஒழுங்காக அடிபட்டிருக்கும். இரண்டு காசுகளைப் பட்டறைப் பிடிப்பானில் வைத்து நெரித்திருந்தால், இயல்பான உருவம் நசுங்கிய நிலையில் இருக்க, அதன்மேல் மற்றொன்றின் தடம் விழுந்திருக்கும். இரண்டாவதற்குச் சேகரிப்பு மதிப்பு இல்லை.

அறிகுறி: முகமும் தலைமுடியும் மழுங்கியுள்ளன, ஆனால் காசு புதிதுபோல் இருக்கிறது

இது தேய்மானமா, போதிய அழுத்தமின்றி அடிக்கப்பட்டதா என்பதைக் காட்டித் தருவது மினுப்பு. அடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பாய்வதால், கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகள் ஆரங்களாக விழுகின்றன. ஒற்றை விளக்கின் கீழ் காசைச் சற்றே சாய்த்து மெதுவாகச் சுழற்றினால், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் சுழல்வதுபோல் ஒளிப்பட்டைகள் காசின்மேல் ஓடும். புழங்கிய காசில் மிக உயரமான இடங்களான கன்னம், புருவம், காதின் மேல்முடி ஆகியவற்றைக் கடக்கும்போது அந்த ஒளிப்பட்டை அறுந்து, அங்கே நிறமும் மங்கலாக மாறும். அழுத்தம் குறைந்து அடிபட்ட காசில் நுணுக்கங்கள் இல்லாவிட்டாலும் ஒளிப்பட்டை அறுபடாமல் ஓடும். இந்த ஒரு பழக்கத்தைக் கைவரப்பெறுவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். புதிதாக வெளிவந்த காசு ஒன்றையும் நன்கு புழங்கிய அதே காசு ஒன்றையும் மாற்றி மாற்றிச் சுழற்றிப் பாருங்கள்.

இங்கேயே ஒரு சொல்லையும் தெளிவுபடுத்த வேண்டும். ‘புரூஃப்’ என்பது காசின் தரத்தைக் குறிக்கும் சொல் அன்று. அது செய்முறையைக் குறிப்பது. மெருகேற்றிய தகட்டை, மெருகேற்றிய அச்சால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடித்து உருவாக்குவது புரூஃப். அப்படிச் செய்த காசு யாரோ ஒருவர் பையில் புழங்கித் தேய்ந்துபோனாலும் அது தேய்ந்த புரூஃப்தான். அதேபோல், கண்ணாடியாக மின்னும் சாதாரணக் காசு ஒருநாளும் புரூஃப் ஆகிவிடாது. தரத்துக்கு இன்று வழங்கும் 1 முதல் 70 வரையிலான அளவுகோல், 1949இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்காவின் பழைய பெரிய சென்ட் காசுகளுக்காக வகுத்ததிலிருந்து வளர்ந்தது.

அறிகுறி: பழைய காசு அளவுக்கு மீறிப் பளபளக்கிறது

நூறாண்டு பழைய வெள்ளிக் காசு எங்கும் ஒரே சீராக வெளுத்து மின்னினால், அது துலக்கப்பட்டது என்று ஐயுற வேண்டும். எழுத்துகளின் இடுக்குகளில் மட்டும் கறுப்பு தங்கியிருப்பதும், விளக்கின் கீழ் ஒரே திசையிலோ வட்டமாகவோ மயிரிழைக் கீறல்கள் கூட்டமாகத் தெரிவதும், மேலே சொன்ன சுழலும் ஒளிப்பட்டை இல்லாமல் பளபளப்பு ஓரிடத்திலேயே நிற்பதும் துலக்கியதன் அடையாளங்கள். செப்புக் காசு இளஞ்சிவப்பாக, தோல் உரித்தது போன்ற நிறத்தில் இருந்தால் அமிலத்தில் முக்கப்பட்டிருக்கும்.

நான் சேர்க்கத் தொடங்கிய காலத்தில், எனக்குக் கிடைத்த முதல் பழைய செப்புக் காசைப் பற்பசை இட்டுத் துணியால் தேய்த்தேன். ஐந்து நிமிடத்தில் அது புதுக் காசுபோல் மின்னியது. மூன்று மாதத்தில் திட்டுத்திட்டாகக் கறுத்தது. இன்று லென்ஸில் பார்த்தால், அரசரின் கன்னத்தின் குறுக்கே என் விரல் போன வழியெல்லாம் வளைந்த கோடுகளாக நிற்கின்றன. அந்தக் காசை இன்றும் வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு அதையே எடுத்துக் காட்டுகிறேன். பழுப்பும் கருமையும் அழுக்கு அல்ல. உலோகம் காற்றோடு வினைபுரிந்து தன்மேல் போர்த்திக்கொண்ட படலம். அதை நீக்குவது மேற்பரப்பையே நீக்குவதாகும், மீட்கவும் முடியாது. துலக்க வேண்டுமா என்ற ஐயம் எழுந்தால், வேண்டாம் என்பதே விடை.

அறிகுறி: பச்சை படிந்திருக்கிறது

பச்சை மூன்று வகைப்படும். மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. பிசுபிசுப்பாக, எண்ணெய்ப் படலம்போல் இளம்பச்சையாக இருந்தால், அது மென்மையான பிவிசி உறைகளிலிருந்து கசிந்த பொருள். தூய அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, காற்றோட்டமுள்ள இடத்தில், தீ அருகில் இல்லாமல், காசைச் சில நிமிடம் ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்து உலர விட வேண்டும். நகப்பூச்சு நீக்கியில் மணமும் நிறமும் எண்ணெயும் கலந்திருக்கும் என்பதால் அது ஆகாது. பிறகு அந்த உறையைத் தூக்கி எறிந்துவிட்டு, மைலார் போன்ற பிவிசி கலவாத உறைக்குக் காசை மாற்றுங்கள். உறையை மாற்றாமல் காசை மட்டும் சுத்தம் செய்தவர்கள் மீண்டும் அதே பச்சையைக் காண்கிறார்கள்.

கெட்டியாக, கரும்பச்சை மேலோடாக ஒட்டியிருப்பது களிம்பு. அது நிலையாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்து, துடைத்தாலும் சில வாரங்களில் திரும்பி வந்து, அடியில் குழி பறிப்பது வெண்கல நோய். குளோரைடு உப்பும் ஈரமும் சேர்ந்து உண்டாக்குவது. மண்ணிலிருந்து எடுத்த பழங்காசுகளில் இது மிகுதி. அந்தக் காசை உடனே தனியே பிரித்து உலர்ந்த பெட்டியில் வையுங்கள். சிகிச்சையை அதில் பயிற்சி உள்ளவரிடம் விடுங்கள்.

அறிகுறி: காந்தம் இழுக்கிறது, அல்லது எடை ஒத்துவரவில்லை

காந்தம் இழுத்தால் போலி என்ற விதி பாதிதான் உண்மை. பிரிட்டனின் ஒரு பென்னி 1992 வரை வெண்கலம். பிறகு செம்பு பூசிய எஃகு. யூரோவின் 1, 2, 5 சென்ட் காசுகளும் செம்பு பூசிய எஃகே. தூய நிக்கலையும் காந்தம் இழுக்கும். 1967 முதல் வந்த நெதர்லாந்தின் கில்டர் அப்படிப்பட்டது. ஆனால் செம்பும் நிக்கலும் 75க்கு 25 என்ற விகிதத்தில் கலந்த வழக்கமான வெண்ணிறக் காசை இழுக்காது. அமெரிக்காவின் 1943ஆம் ஆண்டு சென்ட், போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்தத் துத்தநாகம் பூசிய எஃகில் அடிக்கப்பட்டது. தவறுதலாக வெண்கலத்தில் அடிபட்டவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி அந்த அரிய வகை என்று விற்பது பழைய ஏமாற்று. காந்தம் இதை ஒரு நொடியில் காட்டிவிடும்.

வெள்ளிக்கு எடை மட்டும் போதாது, அடர்த்தியும் வேண்டும். தராசின்மேல் நீர் உள்ள கிண்ணத்தை வைத்துச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் நீருக்குள் முழுதும் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண், காசு விலக்கிய நீரின் எடை. காசின் எடையை அதனால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது அந்த உலோகம் நீரைப்போல் எத்தனை மடங்கு கனம் என்பது, கிடைக்கும். ஆஸ்திரிய அரசி மரியா தெரேசாவின் உருவம் தாங்கிய வெள்ளிக் காசான மரியா தெரேசா டாலர் 28.07 கிராம், ஆயிரத்தில் 833 பங்கு வெள்ளி. அதன் ஒப்படர்த்தி ஏறத்தாழ 10.2 என்பதால் தராசு 2.75 கிராம் காட்ட வேண்டும். அதே எடையில் செம்பு-நிக்கல் போலி என்றால் ஏறத்தாழ 3.15 காட்டும். இந்த இடைவெளியை எளிய தராசும் தவறவிடாது.

பக்கவாட்டில் ஓடும் இணைப்பு வரப்பும், மேற்பரப்பில் ஊசிமுனைக் குமிழ்க் குழிகளும் அச்சில் அடிக்காமல் வார்த்து எடுத்த போலியைக் காட்டும். சதுரத் துளையுள்ள சீனக் காசுகளுக்கு இது பொருந்தாது. அவை ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வார்த்தே செய்யப்பட்டவை.

அறிகுறி: ஆண்டு புரியவில்லை, அல்லது நம்பமுடியாதபடி உள்ளது

தாய்லாந்துக் காசில் 2530 என்றிருந்தால் 543ஐக் கழித்து 1987 என்று கொள்ள வேண்டும். நேபாளத்தின் விக்கிரம ஆண்டுக்கு 57ஐக் கழிக்க வேண்டும். ஜப்பானில் அரசரின் ஆட்சியாண்டு இருக்கும். ஷோவா என்ற ஆட்சிக்காலத்தின் 39 என்பதோடு 1925ஐக் கூட்டினால் 1964. ஹிஜ்ரி ஆண்டு சந்திர ஆண்டு என்பதால் கழித்தல் மட்டும் போதாது, 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்ட வேண்டும், 1400 என்றால் ஏறத்தாழ 1980. அரபு எழுத்து வலமிருந்து இடமாக ஓடினாலும் எண்ணை இடமிருந்து வலமாகவே படிக்க வேண்டும். அங்கே சிறு வட்டம் 5, புள்ளிதான் சுழியம். வட்டத்தைச் சுழியம் என்று படித்து ஆண்டைத் தவறவிடாதவர்கள் குறைவு.

ஆண்டைச் சரியாகப் படித்தாலும் அது அடித்த ஆண்டு என்று உறுதி இல்லை. மரியா தெரேசா 1780இல் மறைந்தார். அவர் உருவமும் 1780 என்ற ஆண்டும் தாங்கிய அந்த வெள்ளி டாலர், வணிகத்தில் பெற்றிருந்த நம்பிக்கையால், வியன்னா, ரோம், லண்டன், மும்பை எனப் பல நாணயச்சாலைகளில் இருபதாம் நூற்றாண்டிலும் அதே ஆண்டோடு அடிக்கப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி வங்கத்தில் அடித்த ரூபாயிலும் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டு பல பதிற்றாண்டுகள் மாறாமல் நின்றது.

அறிகுறி: பட்டியலில் ஒரு விலை, கேட்டால் வேறு விலை, அரிது என்கிறார்கள், எங்கும் கிடைக்கிறது

பழமையும் அருமையும் ஒன்றல்ல. 2010இல் இங்கிலாந்தின் ஃப்ரோம் அருகே ஒரே மண்பானையிலிருந்து 52,503 உரோமக் காசுகள் எடுக்கப்பட்டன; ஆயிரத்தெழுநூறு ஆண்டு பழமையுடைய இத்தகைய செப்புக் காசுகள் இன்னும் ஏராளமாக உள்ளன. அடித்த எண்ணிக்கையும் அருமையும் ஒன்றல்ல. 1933ஆம் ஆண்டு அமெரிக்க இருபது டாலர் தங்கக் காசு 445,500 அடிக்கப்பட்டது. ஏறக்குறைய எல்லாம் உருக்கப்பட்டுவிட்டதால், எஞ்சியவை கைவிரல் கணக்கே. மறுபுறம், குறைந்த எண்ணிக்கையில் வெளியிட்ட நினைவுக் காசை வாங்கியவர் எல்லாம் உறையோடு பத்திரப்படுத்துவதால் அது ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் அப்படியே கிடைக்கும். எத்தனை அடித்தார்கள் என்று கேட்பதைவிட, இந்தத் தரத்தில் எத்தனை மிஞ்சின, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று கேளுங்கள். இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை அவரது விருப்பம் மட்டுமே. ஏலத்தில் முடிந்த விற்பனையின் விலையே சான்று. அதையும் அதே ஆண்டு, அதே நாணயச்சாலைக் குறி, அதே தரம் உள்ள காசோடு ஒப்பிட வேண்டும். இவற்றுள் ஒன்று மாறினாலும் விலை பல மடங்கு மாறிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு காசு விளங்காவிட்டால், இரு பக்கமும் பக்கவாட்டும் நேர் வெளிச்சத்தில் ஒரு முறையும் சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு முறையும் படமெடுத்து, எடை, விட்டம், காந்தச் சோதனையின் முடிவு ஆகியவற்றை எழுதி, அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டுங்கள். ‘இது என்ன மதிப்புப் பெறும்’ என்று தொடங்காமல், ‘இந்த மேட்டுக் கோடு அச்சிலிருந்து வந்ததா’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவரால் காசைப் பார்த்தே விடை சொல்ல முடியும்.